மேட்டின் மேல் நட்ட கல்

(பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், காலனி இரவுப் பள்ளியின் ஆண்டு நாளில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'வெளிநாடு சென்று வந்தவர் உரையாற்றுகிறார்' என்று நோட்டீஸில் போட்டுவிட்டீர்கள். லண்டன் பாலம், ராணி அரண்மனை என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. நான் பேசப்போவது ஒரு மண்மேட்டைப் பற்றி. பிணம் புதைத்த மேடு. அதைப் பார்க்கவா அவ்வளவு பணம் செலவு பண்ணிப் போனே என்று என் சம்சாரம் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் மகள் இங்கிலாந்தில் பிளிமத் என்ற ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். உங்களுக்குத் தெரியும், இந்த இரவுப் பள்ளியில் லாந்தர் வெளிச்சத்தில் படித்த பிள்ளைதான். 2025 ஜூன் மாதம் டிக்கெட் எடுத்து என்னை வரவழைத்தது. முதல் ஒரு வாரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். பிறகு மகள் ஒரு வரைபடம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. "அப்பா, உனக்குத்தான் பாதை பிடிக்குமே, இதைப் பார்த்துக்கிட்டு இரு" என்றது. இருபத்தெட்டு வருஷம் தபால் தூக்கினவனுக்கு வேறு எதைக் கொடுப்பது?

அந்த வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது அவர்களுடைய சர்வே இலாகா போட்டது. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நம்ம ஊரில் ஒரு புலப்பட நகல் வாங்க எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படி ஏறினோம் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பஞ்சாயத்துப் பையனைக் கேளுங்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு நடைபாதையும் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடாக இருக்கிறது. பச்சைக் கோடு இருந்தால் அது பொதுப்பாதை. யாருடைய வயலுக்குள் போனாலும் சரி, யார் வீட்டு வாசலை ஒட்டிப் போனாலும் சரி, நீ நடக்கலாம். 1949இல் சட்டம் போட்டு, மாவட்டம் மாவட்டமாக எல்லாப் பாதையையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிவில் ஏறிவிட்டால் அதுவே முடிவான சாட்சி. நிலத்துக்காரன் மாறலாம், பாதை மாறாது. மாற்ற வேண்டுமானால் முறையாக உத்தரவு வாங்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக முள்வேலி போட்டுவிட்டு, காலையில் 'இங்கே ஏதுடா பாதை' என்று கேட்க முடியாது.

அந்தப் படத்தின் நடுவில் ஊரே இல்லாத ஒரு பெரிய வெற்றுப் பரப்பு. அதற்கு டார்ட்மூர் என்று பெயர். அதில் அங்கங்கே பழங்கால எழுத்து மாதிரி கோணல் எழுத்தில் ஏதோ குறித்திருந்தது. என்னவென்று கேட்டேன். "பழைய காலத்துச் சமாதிப்பா" என்றது மகள். எண்ணிப் பார்த்தேன், எண்ணி முடியவில்லை. சரி, ஒன்றையாவது பார்த்துவிடுவோம் என்று சொன்னேன்.

மகளோடு வேலை செய்கிற ஒரு மலையாளிப் பிள்ளையிடம் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழியில் டார்ட் ஆறு கூடும் இடம் தாண்டி ஒரு ஏற்றம். அங்கே ரோட்டிலிருந்து சில அடி தள்ளிப் புல்லில் ஒரு படுகல் இருக்கிறது. பிளந்து இரண்டாகக் கிடக்கிறது. மேலே சிலுவைகளும் எழுத்துகளும் கொத்தியிருக்கிறார்கள். சவப்பெட்டிக் கல் என்று பெயர். மலைக்காட்டில் செத்தவர்களைக் கோயில் தோட்டத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள் ஏற்றம் ஏறி மூச்சு வாங்கி, பெட்டியை இந்தக் கல்லின் மேல் இறக்கி வைப்பார்களாம். யாரோ ஒரு பொல்லாதவன் பிணத்தை வைத்தபோது இடி விழுந்து கல் பிளந்தது என்று ஒரு கதையும் உண்டு. நாமும் பாதி வழியில் பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றுகிறோமே, அந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கல்லின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

அந்த வழியின் கதை பிறகு புத்தகத்தில் கிடைத்தது. டார்ட்மூர் நடுவில் இருந்த பண்ணை வீடுகளெல்லாம் லிட்ஃபோர்ட் என்கிற ஊர்க் கோயிலுக்குச் சேர்ந்தவை. செத்தால் அங்கேதான் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும், எவ்வளவு தூரமானாலும். பனியிலும் சேற்றிலும் ஆற்றைத் தாண்டித் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்கு இன்றைக்கும் 'லிச் வே' என்றுதான் பெயர். லிச் என்றால் அவர்கள் பழைய மொழியில் பிணம். பிணப்பாதை. பாபனி, பிஸ்வெல் என்ற இரண்டு குக்கிராமத்து ஜனங்கள் தங்கள் பிஷப்பிடம் முறையிட்டார்கள். வானம் நன்றாக இருந்தால் எட்டு மைல், மழை வெள்ளம் வந்தால் சுற்றிக்கொண்டு பதினைந்து மைல் தூக்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருக்கிற விடிகம் கோயிலிலேயே புதைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. பிஷப் அனுமதி கொடுத்தார். அது 1260ஆம் வருஷம்.

தோழர்களே, 1260இல் கொடுத்த மனுவுக்கு உத்தரவு கிடைத்திருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாம் கொடுத்த மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டால் 'நடவடிக்கையில் உள்ளது' என்கிறார்கள்.

விடிகத்தில் காரை நிறுத்திவிட்டு மேலே நடந்தோம். அந்த மலைக்கு ஹேமல்டவுன் என்று பெயர். மலை என்றால் நம்ம ஜவ்வாது மலை மாதிரி இல்லை. படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி நீண்டு கிடக்கிறது. ஐநூறு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. மரம் கிடையாது. புல், ஒரு முழ உயரத்துக்கு முரட்டுச் செடி, மஞ்சள் பூப்பூத்த முள்புதர், செம்மறி ஆடு, குட்டைக் குதிரை. வானம்பாடி ஒன்று கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. மகள் கொடுத்த குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டேன். எதிரில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குல்லாயைப் பார்த்துச் சிரித்து, வணக்கம் சொல்லி, ஒதுங்கி எனக்கு வழிவிட்டுப் போனார். சாதாரண விஷயம்தான். ஆனால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெருக்களில் தபால் கொடுத்தவன் நான். எனக்கு அது சாதாரணமாக இல்லை.

முதுகின் மேலேயே வரிசையாக மேடுகள். ஆள் உயரம்கூட இல்லை. புல் மூடிக் கிடக்கிறது. தெரியாதவன் தாண்டிப் போய்விடுவான். ஆனால் கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் வானத்தின் ஓரத்தில் சின்னக் கொப்புளம் மாதிரி தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள். மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தினவை. இரும்பு வருவதற்கு முன்பு, வெண்கலக் காலம்.

அதில் ஒன்றை 1872இல் தோண்டியிருக்கிறார்கள். தோண்டியவர் ஸ்பென்ஸ் பேட், பிளிமத்தில் பல் டாக்டர், நண்டு இறால் வகைகளை ஆராய்ச்சி பண்ணிப் பேர் எடுத்தவர். பல் டாக்டரே மண்வெட்டி பிடித்திருப்பாரா? அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே எரித்த எலும்பு, ஒரு வெண்கலக் குத்துவாள், அந்த வாளின் பிடியில் பொருத்துகிற ஒரு குமிழ். குமிழ் அம்பர் என்கிற மரப்பிசின் கல்லால் செய்தது. அதில் மயிரிழை மாதிரி பொன் ஊசிகளைப் பதித்துக் கோலம் போட்டிருந்தது. அம்பர் பால்டிக் கடல் பக்கத்துப் பொருள். அவ்வளவு தூரத்திலிருந்து கைமாறி வந்திருக்கிறது. 1941இல் ஹிட்லர் விமானங்கள் பிளிமத்தில் குண்டு போட்டபோது அந்தக் குமிழும் அழிந்துபோனது. மண்ணுக்குள் மூவாயிரத்தைந்நூறு வருஷம் இருந்த பொருள், வெளியே எடுத்த எழுபது வருஷத்தில் இல்லாமல் போயிற்று. அதே 1941இல் அந்த மலை முதுகில் அவர்களுடைய விமானம் ஒன்றும் மோதி நான்கு பேர் செத்திருக்கிறார்கள். விமானியின் தாய் அங்கே ஒரு கல் நட்டு நாலு பேருடைய பெயரின் முதலெழுத்துகளையும் வெட்டியிருக்கிறாள்.

எனக்கு 1872 என்ற வருஷம் நின்றது. ஏனென்றால் அதே காலத்தில் நம்ம நீலகிரியில் பிரீக்ஸ் என்கிற கமிஷனர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அங்கேயும் மரமில்லாத புல்வெளி, மலை உச்சிகளில் கல்வட்டம், கல்வட்டத்துக்குள் சாம்பலும் பானையும் பொன்னும். அவர் 1872இல் இறந்துபோனார், 1873இல் புத்தகமாக வந்தது. தோண்டி எடுத்த பொன்நகையும், எருமையும் குதிரையும் மூடியில் நிற்கும் பானைகளும் பல லண்டன் மியூசியத்துக்குப் போய்விட்டன. சொந்த நாட்டு மேட்டில் பல் டாக்டர், அடிமை நாட்டு மேட்டில் கமிஷனர்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த மேட்டின் மேல் ஒரு கல் நட்டிருக்கிறது. பழைய கல் இல்லை. அதில் வெட்டியிருக்கிற வருஷம் 1854. கூடவே இரண்டு எழுத்து, டி, எஸ். என்ன என்று மகளைக் கேட்டேன். "டியூக் ஆஃப் சோமர்செட்" என்றது. அந்தப் பக்கத்து ஜமீன். தன் நிலம் எதுவரை என்று காட்டுவதற்கு எல்லைக் கல் போட்டிருக்கிறான். மலை முதுகில் எடுப்பாகத் தெரிகிற இடம் எது? சமாதி மேடு. அதன் மேலேயே நட்டுவிட்டான். அடுத்த மேட்டுக்குப் போனோம், அங்கேயும் கல். அதற்கடுத்ததிலும் கல். பழைய சிலுவை ஒன்று நிற்கிறது, அதையும் விடவில்லை, அதன் உடம்பிலேயே எழுத்தை வெட்டிவிட்டான்.

நான் சிரித்துவிட்டேன். மகள் ஏன் சிரிக்கிறாய் என்றது. நம்ம ஊர் ஞாபகம் வந்தது என்றேன். சர்வே கல்லைப் பிடுங்கி நம்ம பிணக்குழி மேட்டின் மேல் நட்டுவிட்டு, இதுவரைக்கும் என் பட்டா என்று சொன்னவரின் முகம் ஞாபகம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை நிதானமாகப் பேச வேண்டும். நம்மில் சில பேருக்கு ஒரு பழக்கம். பழைய சமாதி, பழைய பானை எங்கே கண்டாலும் 'நம் முன்னோர்' என்று தழுவிக்கொள்வது. அந்த மேட்டின் மேல் நின்றபோது எனக்கும் அப்படி ஒரு உணர்ச்சி வந்தது, மறைக்க மாட்டேன். ஜமீன் கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடப்பவன் நம்ம ஆள் என்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொன் ஊசி பதித்த குத்துவாளோடு எரிக்கப்பட்டவன் யார்? கூலிக்காரனா? மலை முதுகில் வானத்தோடு சேர்ந்து தெரிகிற மாதிரி மேடு போடச் சொன்னவன், அந்தக் காலத்து டியூக். கல் சுமந்தவன், மண் கொட்டினவன், அவனுக்கு மேடு கிடையாது. அவன் எலும்பு எங்கேயோ கரைந்து போயிருக்கும். அந்த மலைக்கு வடக்குச் சரிவில் கல்மதில் போட்ட ஒரு பழைய பட்டி இருக்கிறது. உள்ளே இருபத்துநான்கு வட்ட வீட்டின் அடித்தளம். டார்ட்மூர் முழுக்க அப்படி ஐயாயிரம் இருக்கும் என்கிறார்கள். வெறும் கல்வட்டம், நம்ம குடிசை அகலம்தான். சொந்தம் கொண்டாட வேண்டுமானால் அந்த வட்டத்தைக் கொண்டாடுங்கள், மேட்டை வேண்டாம். ஆதிச்சநல்லூர் என்றாலும் இதையேதான் சொல்வேன். தாழியில் பொன் பட்டம் கட்டிப் புதைக்கப்பட்டவனை மட்டும் நம் பாட்டன் என்று சொல்லாதீர்கள். தாழி வனைந்தவனையும் குழி வெட்டினவனையும் கேளுங்கள். பாபாசாகேப் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று எழுதியபோது அரச வம்சம் தேடிப் போகவில்லை. தோற்றுச் சிதறி ஊருக்கு வெளியே காவல் இருக்க வைக்கப்பட்ட மக்கள் என்றுதான் சொன்னார்.

இன்னொன்று. அந்த வெட்டவெளியைப் பார்த்து எல்லாரும் 'இயற்கை, இயற்கை' என்கிறார்கள். அது இயற்கை இல்லை. அங்கே முன்பு காடு இருந்தது. அந்த மேடு கட்டின காலத்து ஜனங்களும் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் காட்டை வெட்டி, எரித்து, ஆடு மாடு மேய்த்து, நிலத்தை நீள நீளமாகக் கல்வரப்பு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். அந்த வரப்புகள் இன்னும் புல்லுக்கு அடியில் மைல் கணக்கில் ஓடுகின்றன. பிறகு குளிரும் மழையும் கூடி, விளைச்சல் போய், ஜனங்கள் இறங்கிப் போனார்கள். பின்னால் வந்தவன் பார்த்து 'தரிசு' என்று எழுதிக்கொண்டான். தரிசு என்று எழுதுகிறவன் கையில் பேனா இருக்கிறது. செங்கல்பட்டில் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, 1892இல் நமக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம். அன்றைக்குத் தரிசு என்று ஒதுக்கியதைத்தான் கொடுத்தார்கள். நம்ம பாட்டன்மார் கையால் கொத்திக் கழனி ஆக்கின பிறகு அது தரிசாக இல்லை, வேறு யார் பெயரிலோ இருக்கிறது. அதைக் கேட்கப் போய்த்தான் 1994இல் காரணையில் இரண்டு உயிரைக் கொடுத்தோம்.

மலையிலிருந்து கிழக்குப் பக்கம் இறங்கினோம். நாட்ஸ்வர்தி என்ற இடத்தில் ஒரு கேட். அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு ரோடு வருகிறது. ரோடும் பாதையும் சேரும் மூலையில் இன்னொரு மேடு. சின்னது. ஆறடி நீளம் இருக்கும், சுற்றிக் கல் பதித்து, தலைமாட்டில் எழுத்தில்லாத ஒரு கல். மேலே நிறையப் பூ. ஜாடியில் வைத்த பூ, வாடின பூ, காசு, குழந்தை பொம்மை, பாசிமணி. நான் மாரியம்மன் கோயில் மூலைக் கல் என்றே நினைத்தேன்.

அது ஒரு பெண்ணின் குழி. கிட்டி ஜே என்கிறார்கள். மேரி என்றும் சொல்கிறார்கள், ஆன் என்றும் ஒரு பழைய பத்திரிகையில் இருக்கிறது. பெயர்கூட நிச்சயமில்லை. ஆயிரத்து எழுநூறுகளின் கடைசியில் நடந்தது என்பது வழக்கு. அநாதை இல்லத்தில் வளர்ந்த பெண். அந்த நாட்டில் அப்போது ஏழைப் பிள்ளைகளைப் பண்ணையார் வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இருபத்தொரு வயது வரை அங்கே வேலை செய்ய வேண்டும். நம்ம பாஷையில் படியாள். பண்ணையார் மகன் அந்தப் பெண்ணைக் கெடுத்தான், வயிற்றில் பிள்ளை வந்தது, வீட்டைவிட்டுத் துரத்தினார்கள், கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டாள். இப்படித்தான் கதை சொல்கிறார்கள். தூக்குப் போட்டவளுக்குக் கோயில் தோட்டத்தில் இடம் கிடையாது. ஊர் எல்லையில், முச்சந்தியில் குழி வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஆவி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கட்டும் என்று முச்சந்தியாம்.

அறுபது எழுபது வருஷம் கழித்து, 1850 வாக்கில், அந்தப் பக்கத்து நிலக்காரரின் ஆட்கள் மண் வாரியபோது எலும்பு வந்தது. ஊர்க் கிழவர்களை விசாரித்ததில் இன்னார் என்று தெரிந்தது. அவர் அந்த எலும்பைப் பெட்டியில் வைத்து, அதே இடத்தில் புதைத்து, மேடு போட்டுக் கல் நட்டார். அன்றிலிருந்து யாராவது பூ வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் வைக்கிறார்கள் என்று தெரியாது, குட்டிச் சாத்தான் வைக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்களாம். கால்ஸ்வொர்தி என்ற பெரிய எழுத்தாளர் பக்கத்து ஊரில் இருந்தவர், இதை வைத்து ஒரு கதையும் எழுதியிருக்கிறார்.

என் மகள் காரில் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லடியில் வைத்தது. வயித்துப் பிள்ளைக்காரி என்றது. நம்ம பக்கம் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவோம் இல்லையா, அந்த ஞாபகம்.

முச்சந்தியில் புதைக்கிற வழக்கத்தை அந்த நாட்டில் 1823இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எப்படி நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கோயில் தோட்டத்தில் புதைக்கலாம், ஆனால் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள், பூசை மந்திரம் எதுவும் இல்லாமல். பகலில் புதைக்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராத்திரியில் சத்தமில்லாமல் கொண்டுபோ, பறை அடிக்காதே, ஊர்த் தெரு வழியாக வராதே. இந்த வார்த்தைகள் நமக்குப் புதிதா?

ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட்டு நான் உட்கார மாட்டேன். வித்தியாசம் இருக்கிறது. கிட்டி ஜேயை விலக்கினார்கள், அவளோடு அது முடிந்தது. அவளுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அவன் பேரன் இன்றைக்கு அந்த ஊரில் யாரோடும் உட்கார்ந்து பீர் குடிக்கலாம். அவன் தாத்தாவின் அக்கா எங்கே புதைக்கப்பட்டாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே நான் தூக்குப் போடவில்லை, என் நைனா தூக்குப் போடவில்லை, யாருக்கும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பிறந்தோம். அவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நம்ம ஆள் ஒருவருடைய உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இருபது அடி கீழே பாலாற்றில் இறக்கினார்கள். பாதையில் வேலி. படம் நாடு முழுக்க ஓடியது, சென்னை ஹைகோர்ட் தானாகவே வழக்காக எடுத்தது. அதற்கு முன் 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம், பொதுத்தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று ஹைகோர்ட்டே உத்தரவு போட்டும், போலீஸ் பிணத்தைப் பிடுங்கி வேறு வழியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. வெள்ளைக்காரன் 1823இல் விட்டதை, எழுதின அரசியல் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் விடவில்லை.

என் நைனா செத்தது 1979 ஐப்பசி. இங்கே உட்கார்ந்திருக்கிற கிழவர்களில் நாலு பேர் தூக்கினவர்கள். பாதையை அடைத்து நெல் நட்டிருந்தார்கள். வரப்பில் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாது, கழனியில் இறங்கினோம், தொடை வரைக்கும் சேறு. நட்ட பயிரை மிதிக்கிறான் என்று மேட்டிலிருந்து கத்தினார்கள். ஒரு இடத்தில் மாமன் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. நைனாவின் கை வெளியே வந்து தண்ணீரில் பட்டது. அந்தக் கழனியில் முப்பது வருஷம் நாற்று முடி சுமந்த கை. நான் இதை இத்தனை நாள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அந்த ஊரில், அந்தச் சவப்பெட்டிக் கல்லின் மேல் கையை வைத்தபோதுதான் வாய்விட்டு மகளிடம் சொன்னேன். அதற்கும் அப்போதுதான் தெரியும்.

திரும்பி வருகிறபோது ரேடியோவில் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். மலையாளிப் பிள்ளை விளக்கிச் சொன்னது. டார்ட்மூரில் ஜனங்கள் கூடாரம் அடித்து ராத்திரி தங்குகிற உரிமையை எதிர்த்து அங்கே பெரிய நிலம் வைத்திருக்கிற ஒருவர் கேஸ் போட்டிருந்தார். 2023 ஜனவரியில் அவர் ஜெயித்தார். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மலைமேல் போய் நின்றார்கள். அதே வருஷம் அப்பீலில் தீர்ப்பு மாறியது. 2025 மே 21ஆம் தேதி அவர்கள் சுப்ரீம் கோர்ட்டும் ஜனங்கள் பக்கமே சொல்லிவிட்டது. நான் போனது அதற்கு அடுத்த மாதம். பொழுதுபோக்குக்காகப் புல்லில் படுக்கிற உரிமைக்கு அவ்வளவு தூரம் போராடியிருக்கிறார்கள். நான் கேலி பண்ணவில்லை. மலைமேல் போய் நின்றார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். கோர்ட்டில் வக்கீல் பேசிக்கொண்டிருந்தபோது ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது நம்ம விஷயம். ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பழைய பிணக்காட்டை அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது. நல்லது. நாம் கேட்பது ஏக்கர் இல்லை, ஒரு பாடை நாலு ஆளோடு போகிற அகலம். பஞ்சாயத்துப் பையன் போன மாதம் பழைய புலப்பட நகல் வாங்கிவிட்டான். அதில் காலனியிலிருந்து சுடுகாட்டு ஓடை வரைக்கும் புள்ளிக்கோடு இருக்கிறது. வண்டிப்பாதை. நான் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு ராத்திரி பார்த்தேன், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாதையில் நாம் நடந்தோம், வண்டி ஓட்டினோம் என்பதற்கு ஆள் சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல். 1979க்கு முந்தி அந்த வழியாகப் பிணம் தூக்கினவர்கள், வைக்கோல் வண்டி ஓட்டினவர்கள், ஆடு ஓட்டிப் போன பெண்கள், உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் வர வேண்டும். புளியமரம் எந்தப் பக்கம் இருந்தது, கல் எங்கே இருந்தது, எவ்வளவு அகலம் என்று அவரவர் ஞாபகத்தைத் தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். வரும்போது ஆதார் ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள். கண் தெரியாதவர்களைப் பேரப்பிள்ளைகள் கைப்பிடித்து அழைத்து வரட்டும். விளக்கு போட்டு வைத்திருக்கிறேன்.